பேச்சு கற்றுத்தருவதும் தராததும்

1878ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் மேக்ஸிமிலியன் பெர்லிட்ஸ் நடத்திவந்த மொழிப்பள்ளியில் பிரெஞ்சு கற்பிக்க நிக்கோலஸ் ஜாலி என்பவர் வேலைக்குச் சேர்ந்தார். வந்து இறங்கிய பிறகுதான் அவருக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்பது தெரிந்தது. பெர்லிட்ஸோ உடல்நலமில்லாமல் படுத்திருந்தார். பொருள்களைச் சுட்டிக்காட்டியும் நடித்துக்காட்டியும் எப்படியாவது சமாளியுங்கள் என்று வகுப்பை ஒப்படைத்துவிட்டார். சில வாரம் கழித்து அவர் எழுந்து வந்து பார்த்தபோது, இலக்கண விதிகளை முணுமுணுத்துக்கொண்டிருந்த மாணவர்கள் பிரெஞ்சில் கேள்வியும் பதிலுமாகக் கலகலத்துக்கொண்டிருந்தார்களாம். பெர்லிட்ஸ் நிறுவனம் தன் பிறப்பைப் பற்றிச் சொல்லும் கதை இது. கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். ஆனால் உலகமெங்கும் உள்ள பேச்சு ஆங்கில வகுப்புகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வடிவில் இந்தக் கதையைத்தான் விற்கின்றன: பேசு, மொழி தானாக வரும்.

தானாக எது வரும்? பேச்சு ஆங்கிலம் கற்க வருபவர் மூன்று சரக்குகளை எதிர்பார்த்து வருகிறார்: சொல்வளம், மரபுத்தொடர், இலக்கணம். விளம்பரப் பலகைகள் மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் காட்டுகின்றன. கடந்த அரை நூற்றாண்டில் நடந்த ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பொட்டலம் பிரிந்துவிடுகிறது. உரையாடல் சொற்களைத் தாராளமாகத் தருகிறது. மரபுத்தொடர்களில் ஒரு வகையை அள்ளித்தருகிறது, இன்னொரு வகையைக் கண்ணிலேயே காட்டுவதில்லை. இலக்கணத்தைப் பொறுத்தவரை, பேச்சை யாராவது நிறுத்தினால்தான் தருகிறது. ஏன் இப்படி என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

தலைகீழாக்கிய ஒரு யோசனை

பேச்சா, படிப்பா என்ற வழக்கு பழையது. 1920களில் வங்காளத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், அங்கிருந்த பிள்ளைகளுக்கு உடனடித் தேவை வாசிப்புதான் என்று வாதிட்டார். பள்ளியை இடையில் நிறுத்திவிடும் பிள்ளைக்கும் வாசிப்பு ஏதாவது கைப்பொருளாக மிஞ்சும் என்பது அவர் கணக்கு. அதே காலத்தில், 1922இல், டோக்கியோ சென்ற ஹெரால்ட் பாமர் வாய்மொழிப் பயிற்சியே அடித்தளம் என்றார். ஆனால் பாமரின் வாய்மொழிப் பயிற்சியும் இன்று நாம் சொல்லும் உரையாடல் அல்ல. ஆசிரியர் தேர்ந்தெடுத்த வாக்கிய அமைப்புகளை வரிசைப்படி வாயில் ஏற்றும் முறை. 1950களில் சென்னை மாகாணப் பள்ளிகளுக்கு வந்த அமைப்புமுறைப் பாடத்திட்டமும் இந்த மரபில் பிறந்ததுதான். இலக்கணம் முதலில், அதைப் பயன்படுத்தி உரையாடல் பிறகு என்ற வரிசையை இந்த மரபில் எவரும் சந்தேகிக்கவில்லை.

அந்த வரிசையைத் தலைகீழாக்கியவர் ஈவ்லின் ஹேட்ச். 1978இல் அவர் முன்வைத்த யோசனை இது: கற்பவர் முதலில் உரையாடலை நடத்தத்தான் கற்கிறார், அந்த நடத்தலுக்குள்ளிருந்து வாக்கிய அமைப்புகள் கிளைக்கின்றன. ஒரு குழந்தை 'ஃபிஷ்' என்கிறது. பெரியவர் 'மீன் என்ன செய்கிறது?' என்று கேட்கிறார். குழந்தை 'ஸ்விம்' என்கிறது. இருவரும் சேர்ந்து மூன்று மடக்கில் கட்டிய வாக்கியத்தைக் குழந்தை பின்னாளில் ஒரே மூச்சில் சொல்லப் பழகுகிறது. அடுத்து வந்த ஸ்டீஃபன் க்ராஷன், புரியும்படியான மொழியைக் கேட்டுக்கொண்டிருந்தாலே மொழி படியும் என்றார். மைக்கேல் லாங் ஒரு படி மேலே போய், புரியாத இடத்தில் இருவரும் நின்று, 'என்ன சொன்னீர்கள்?', 'இதையா சொல்கிறீர்கள்?' என்று பேரம் பேசிப் புரிந்துகொள்ளும் அந்தத் தருணமே கற்றலின் உலை என்றார். 1980களின் தொடக்கத்தில் பேச்சுக்குப் பொற்காலம்.

ஹொனலூலுவில் ஓர் ஓவியர்

அந்தப் பொற்காலத்தின் நடுவே, 1983இல், ரிச்சர்ட் ஷ்மிட் ஒரு தனிமனிதரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அவர் வெஸ் என்று பெயரிட்டு அழைத்த அந்த மனிதர் ஜப்பானிய ஓவியர். முப்பது வயதைக் கடந்தபின் டோக்கியோவை விட்டு ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலுவுக்குக் குடிபெயர்ந்தவர். ஆங்கிலத்தைப் பாடமாகப் படித்தது மிகக் குறைவு; படிப்பதில் ஆர்வமும் இல்லை. ஆனால் பேச்சில் மன்னர். நண்பர்கள், வாடிக்கையாளர், ஓவியக் கூடத்தார் என்று நாள் முழுவதும் ஆங்கிலத்திலேயே புழங்கினார். கூச்சமில்லை, தாய்நாட்டு ஏக்கமில்லை, புது ஊர்மீது வெறுப்பில்லை. பேசினால் மொழி வரும் என்ற கொள்கையைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். ஷ்மிட் மூன்று ஆண்டுகள் அவர் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். 

ஒரு பக்கம் வெஸ்ஸின் வளர்ச்சி வியக்கத்தக்கது. கேலி பேசினார், கதை சொன்னார், எதிராளி சொல்வது புரியாவிட்டால் உடனே கேட்டுத் தெளிந்தார். வழக்கமான சந்தர்ப்பங்களுக்குரிய ஆயத்தத் தொடர்கள் அவரிடம் நிறைய இருந்தன. சரியான இடத்தில் சரியான தொனியில் விழுந்தன. பழகியவர்கள் அவர் ஆங்கிலத்தைப் பாராட்டினார்கள்.

மறுபக்கம் இலக்கணம். மூன்று ஆண்டு முடிவிலும் கடந்த காலத்தைக் காட்டும் 'எட்' விகுதி அவர் பேச்சில் இடம்பிடிக்கவில்லை. 'ஹி', 'ஷி' வந்தால் வினையோடு சேரவேண்டிய 'எஸ்' பெரும்பாலும் காணோம். 'இங்' விகுதி இருந்தது. ஆனால் அது அவர் கையில் வேறு வேலை செய்தது. ஒருவரை ஏதாவது செய்யச் சொல்ல வேண்டுமானால் வினைச்சொல்லோடு 'இங்' சேர்த்துச் சொல்வார். கேட்டவர்களுக்குப் புரிந்தது, யாரும் தடுக்கவில்லை. பேச்சுத் திறமை ஏறுமுகத்தில் போய்க்கொண்டிருக்க, விகுதிகள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன.

வெஸ் ஒருவரை வைத்து ஒரு கொள்கையையே சாய்க்க முடியாது. ஆனால் அவரை விதிவிலக்கு என்று ஒதுக்கவும் முடியாதபடி கனடாவிலிருந்து சான்று வந்தது. மான்ட்ரியலை ஒட்டிய செயின்ட் லாம்பர்ட்டில் 1965இல் ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தும் மூழ்கல் வகுப்பு தொடங்கியது. பிறகு நாடெங்கும் பரவியது. அப்படிப்பட்ட வகுப்புகளில் ஆண்டுக்கணக்காகப் பயின்ற பிள்ளைகள் பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் அம்மொழிக் குழந்தைகளுக்கு ஏறத்தாழ ஈடாக இருந்தார்கள். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் மட்டும் பின்தங்கியிருந்தது. புரிவதற்கு மொழியை மேலோட்டமாகத் தொட்டால் போதும், சொல்வதற்கோ உள்ளே இறங்கவேண்டும். இவர்களை யாரும் அப்படி இறங்கவைக்கவில்லை என்று 1985இல் விளக்கினார் மெரில் ஸ்வெய்ன்.

விகுதி ஏன் நழுவுகிறது

காரணத்தைத் துல்லியமாகத் தொட்டவர் சார்லீன் சாட்டோ. பிலடெல்ஃபியாவில் குடியேறிய வியட்நாமியச் சகோதரர்கள் இருவரின் உரையாடல்களை மாதக்கணக்கில் பதிவுசெய்த அவர், கடந்த கால விகுதி அவர்கள் பேச்சில் தலைகாட்டவே திணறுவதைக் கண்டார். பாதிக் காரணம் ஒலி சார்ந்தது: வியட்நாமிய மொழியில் சொல்லின் இறுதியில் மெய்கள் கூட்டாக நிற்பதில்லை; 'வாக்ட்' போன்ற சொற்களின் ஈற்று ஒலி நாவில் நிற்காது. மறுபாதி உரையாடலின் இயல்பிலேயே இருந்தது. 'நேற்று என்ன செய்தாய்?' என்று எதிராளி கேட்டுவிட்டால் காலம் அப்போதே நிர்ணயமாகிவிடுகிறது. பதில் சொல்பவர் வினைமுற்றில் காலத்தை மறுபடி காட்டினாலும் காட்டாவிட்டாலும் சேதி போய்ச் சேரும். 'யெஸ்டர்டே' என்ற ஒரு சொல்லும் கை அசைவும் எதிரில் இருப்பவரின் ஊகமும் சேர்ந்து விகுதியின் வேலையைச் செய்துவிடுகின்றன. ஹேட்ச் இலக்கணத்தின் விளைநிலம் என்று கண்ட உரையாடலே சில இலக்கணக் கூறுகளைத் தேவையற்றதாக்கவும் செய்கிறது என்பது 1986இல் சாட்டோ காட்டிய முரண்.

பில் வான்பேட்டன் இதையே கேட்பவர் பக்கமிருந்து சொன்னார். புது மொழியைக் கேட்கும் மனம் முதலில் பொருளைத்தான் தேடுகிறது. பொருள் சுமக்கும் முழுச்சொல்லைப் பிடித்துக்கொண்ட பிறகு, அதே சேதியைத் திரும்பச் சொல்லும் விகுதியை விட்டுவிடுகிறது. கவனம் என்பது அளவுள்ள பண்டம். பேச்சின் வேகத்தில் அது விகுதிவரை வந்து சேர்வதில்லை.

சரி, எதிரில் இருப்பவர் திருத்தினால்? இங்கேதான் ஆய்வுகள் மிகச் சுவையாகின்றன. ஒரு சிறு காட்சியைக் கற்பனை செய்வோம்.

மாணவி: 'யெஸ்டர்டே ஐ கோ டு மதுரை.'
ஆசிரியர்: 'ஓ, யூ வென்ட் டு மதுரை?'
மாணவி: 'யெஸ், யெஸ். பை பஸ்.'

ஆசிரியர் திருத்திவிட்டார். மாணவி திருந்தவில்லை, திருத்தம் நடந்ததே அவளுக்குத் தெரியாது. மதுரைக்குப் போனதை ஆசிரியர் உறுதிப்படுத்திக்கொள்கிறார் என்றே எடுத்துக்கொண்டாள். அதில் தவறும் இல்லை. உரையாடலில் ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்வதற்கு வழக்கமான பொருள் அதுதானே.

ராய் லிஸ்டரும் லீலா ராண்டாவும் கனடாவின் நான்கு மூழ்கல் வகுப்புகளில் 18 மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட கட்டுரை இந்தக் காட்சிக்கு எண் கொடுத்தது. ஆசிரியர்கள் பிழைக்குக் காட்டிய எதிர்வினைகளில் 55 விழுக்காடு இப்படி நாசூக்காகத் திருத்திச் சொல்வதுதான். அதற்கு மாணவர் ஏதேனும் ஒரு மறுமொழி காட்டியது 31 விழுக்காடு தருணங்களில் மட்டுமே. ஆசிரியர் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, 'யெஸ்டர்டே ஐ...?' என்று காத்திருக்கும் பாணியில் மாணவரையே முடிக்கவைத்தபோது மறுமொழி ஒவ்வொரு முறையும் வந்தது. எல்லா மறுமொழியும் சரியாக அமையவில்லை. ஆனாலும் பிழை எங்கே என்று தேடும் வேலை மாணவர் தலைக்குப் போனது.

அலிசன் மேக்கியும் சூசன் காஸும் கிம் மெக்டொனாவும் 2000இல் வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்தார்கள். உரையாடலைக் காணொளியாகப் பதிவுசெய்து, கற்பவருக்கே போட்டுக் காட்டி, 'இந்த இடத்தில் உங்கள் மனதில் என்ன ஓடியது?' என்று கேட்டார்கள். சொல் தவறானபோது எதிராளி திருத்தினால், 'என் சொல் தவறு' என்று பெரும்பாலோர் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். உச்சரிப்புத் திருத்தமும் ஓரளவு எட்டியது. இலக்கணத் திருத்தத்தை இலக்கணத் திருத்தமாக உணர்ந்தவர்கள்தான் மிகச் சிலர். வெஸ்ஸின் மூன்று ஆண்டுகளுக்கான விளக்கம் இதில் இருக்கிறது. தவறான சொல் உரையாடலை முட்ட வைக்கும். தவறான விகுதி முட்ட வைக்காது. முட்டாத இடத்தில் பேச்சு நிற்பதில்லை, நிற்காத இடத்தில் மனம் திரும்பிப் பார்ப்பதில்லை.

நாசூக்கான திருத்தம் முழுக்க வீண் என்றும் சொல்லக்கூடாது. கேத்தரின் டௌட்டியும் எலிசபெத் வரேலாவும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் கற்கும் பள்ளிப்பிள்ளைகளின் அறிவியல் வகுப்பில், ஆசிரியர் கடந்த காலப் பிழைகளை மட்டும் குறிவைத்தார். பிழையான சொல்லை முதலில் கேள்வித் தொனியில் அழுத்தித் திருப்பிச் சொல்வார்; பிறகு சரியான வடிவத்தைச் சொல்வார். பேச்சு அறிவியல் சோதனையைப் பற்றியே நகர்ந்தது. பிள்ளைகளின் கடந்த காலமும் தேறியது. இரண்டு மாற்றங்கள்தான் வேறுபாடு: எல்லாவற்றையும் திருத்தாமல் ஒன்றை மட்டும் திருத்தியது, திருத்தம் என்று தெரியும்படி திருத்தியது.

சொல்: தாராளம், ஆனால் நேரம் பிடிக்கும்

சொற்கள் விஷயத்தில் உரையாடல் கைவிடுவதில்லை. ராட் எல்லிஸ், டனாகா, யமசாகி மூவரும் ஜப்பானிய உயர்நிலைப் பள்ளிகளில் நடத்திய ஆய்வை 1994இல் வெளியிட்டார்கள். மாணவர் முன் ஒரு சமையலறைப் படம். கையில் பாத்திரம் பண்டங்களின் சிறு படங்கள். எந்தப் பொருள் எங்கே போகவேண்டும் என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் சொல்வார். ஒரு குழுவுக்கு முன்கூட்டியே எளிமைப்படுத்திய கட்டளைகள். அவர்கள் கேள்வி கேட்கக்கூடாது. இன்னொரு குழுவுக்குச் சாதாரணக் கட்டளைகள்தாம். ஆனால் புரியாவிட்டால் நிறுத்திக் கேட்கலாம். கேட்க அனுமதி பெற்றவர்களுக்குக் கட்டளைகள் நன்றாகப் புரிந்தன, புதுச் சொற்களும் கூடுதலாகப் படிந்தன. புரியாத பொருளின் பெயர் தெரியாமல் வேலை நகராது. எனவே கேட்டே ஆகவேண்டும். கேட்டுப் பெற்ற சொல் நினைவில் நிற்கிறது.

அடுத்த ஆண்டே எல்லிஸ் இதற்கு ஒரு பின்குறிப்புப் போட்டார். செலவான நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற அளவில் எளிமைப்படுத்திய கட்டளைகளே முந்தின. உரையாடல் நன்றாகக் கற்றுத்தருகிறது, ஆனால் நிதானமாகத்தான் கற்றுத்தருகிறது.

இந்த நிதானம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதைப் பால் நேஷனின் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம். ஒரு தலைச்சொல்லையும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களையும் சேர்த்து ஒரு சொற்குடும்பம் என்று கொண்டால், பேச்சு ஆங்கிலத்தில் 98 விழுக்காட்டுச் சொற்களை அறிந்திருக்க 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்கள் தேவை என்றார் அவர் 2006இல். எழுத்தாங்கிலத்துக்கு 8,000 முதல் 9,000. அன்றாட உரையாடல் முதல் இரண்டு மூன்றாயிரத்தைத் திரும்பத் திரும்பப் புழங்குகிறது. அதற்கு மேற்பட்டவை எப்போதாவது வருகின்றன. ஆக, பேச்சு முதல் சில ஆயிரம் சொற்களுக்கு நல்ல துணை. மேலே ஏறுவதற்கு வாசிப்பு வேண்டும். வங்காளத்தில் வெஸ்ட் வாசிப்பைப் பிடிவாதமாகக் கேட்டதில் இந்த நியாயமும் கலந்திருக்கிறது.

மரபுத்தொடர்: இரண்டு வகை, இரண்டு விதி

மரபுத்தொடர் என்றதும் நம் வழிகாட்டி நூல்களில் முதலில் வந்து நிற்பவை 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்', 'கிக் த பக்கெட்'. படமாக வரையத்தக்கவை, கேட்க வேடிக்கையானவை. ஆங்கிலேயர் பேச்சில் இவை எத்தனை முறை வருகின்றன? ரோசமண்ட் மூன் 1998இல் வெளியிட்ட நூலில், 1.8 கோடிச் சொற்கள் கொண்ட தொகுப்பில் ஆயிரக்கணக்கான நிலைத்தொடர்களைத் தேடி எண்ணினார். அவற்றில் பெரும்பாலானவை பத்து லட்சம் சொற்களுக்கு ஒருமுறைகூட வரவில்லை. அவருடைய தொகுப்பில் எழுத்து நடைதான் மிகுதி. இருந்தும் அளவு புரிகிறது. நிமிடத்துக்கு 150 சொல் வேகத்தில் ஒருவர் விடாமல் பேசினால் பத்து லட்சம் சொல்லுக்கு நூற்றுப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரம் செவிசாய்த்தாலும் நீங்கள் காத்திருக்கும் தொடர் ஒருமுறை வருமா என்பதே சந்தேகம். படிவதற்கோ பலமுறை வரவேண்டும். இந்த வகைத் தொடரை உரையாடலில் உட்கார்ந்து கற்பது நடக்கிற காரியமல்ல.

இன்னொரு வகை இருக்கிறது. வேடிக்கையில்லாத, கண்ணில் படாத தொடர்கள். 'ஐ டோன்ட் நோ', 'யூ நோ', 'ஐ மீன்', 'அட் த எண்ட் ஆஃப் த டே', 'திங்ஸ் லைக் தட்'. ரொனால்ட் கார்ட்டரும் மைக்கேல் மெக்கார்த்தியும் நாட்டிங்காமில் தொகுத்த ஐம்பது லட்சம் சொற்கள் கொண்ட பேச்சுத் தொகுப்பில் இரண்டு சொல் கோர்வைகளில் முதலிடம் 'யூ நோ'வுக்கு. மூன்று சொல் கோர்வைகளில் 'ஐ டோன்ட் நோ'வுக்கு. பேச்சின் நடையை நடத்துபவை இவைதாம். 'ஐ டோன்ட் நோ' என்பது அறியாமையை மட்டுமா சொல்கிறது? மறுப்பை மென்மையாக்குகிறது, யோசிக்க நேரம் வாங்கித் தருகிறது, பேசும் முறையை எதிராளிக்கு விட்டுக்கொடுக்கிறது. நாம் 'பார்ப்போம்', 'என்னமோ போங்க' என்று சொல்லும் இடங்களை நினைத்துக்கொண்டால் தெரியும்.

ஆண்ட்ரூ பாலியும் ஃபிரான்சிஸ் சைடரும் 1983இல் கேட்ட கேள்வி இங்கே பொருந்தும். திருமணத்துக்குக் கேட்க இலக்கணப்படி பிழையில்லாத வாக்கியங்கள் எத்தனையோ கட்டலாம். ஆனால் தாய்மொழிக்காரர் ஓரிரண்டைத்தான் சொல்வார், மற்றதைக் கேட்டால் சிரிப்பார். எது இயல்பு என்பதை இலக்கணம் சொல்வதில்லை. தாய்மொழிக்காரர் லட்சக்கணக்கான ஆயத்தத் தொடர்களை நினைவில் வைத்திருக்கிறார். வேகமாகப் பேச முடிவதற்கும் அதுவே காரணம். உரையாடலை விட்டால் இவற்றைக் கற்க வேறு நல்ல இடம் இல்லை. வெஸ் அள்ளிக்கொண்டதும் இந்தச் செல்வத்தைத்தான்.

வேடிக்கைத் தொடர்களுக்கு வேறு வழி உண்டு. பெல்ஜியத்தில் ஃபிராங்க் போயர்ஸும் சகாக்களும் செய்த ஆய்வுகள், ஒரு தொடர் எந்தத் தொழிலிலிருந்து பிறந்தது என்று மாணவரை ஊகிக்கச் செய்து, பிறகு விடையைச் சொன்னால் அது நினைவில் நன்றாகப் பதிகிறது என்று காட்டின. 'ஷோ ஹிம் த ரோப்ஸ்' என்றால் புதிதாக வந்தவருக்கு வேலையின் நெளிவு சுளிவைக் காட்டுவது. பாய்மரக் கப்பலில் எந்தக் கயிறு எந்தப் பாயை இழுக்கும் என்று புது மாலுமிக்குக் காட்டியதை அறிந்தவருக்கு அத்தொடர் மறக்காது. இது பாடமேசையின் வேலை. பேச்சின் நடுவே யாரும் பாய்மரக் கப்பலை விளக்கிக்கொண்டிருக்கமாட்டார்கள்.

தடுக்காத ஊரில் பேசுவது

தமிழ்நாட்டில் பேச்சு ஆங்கிலம் கற்பவர் பெரும்பாலும் இன்னொரு தமிழரோடுதான் பேசிப் பழகுகிறார். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்கிறார். எதிராளிக்கு எங்கும் தட்டவில்லை, ஏனெனில் அவரும் அப்படியே சொல்வார். 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்றால் ஊரில் இல்லை என்று கோயம்புத்தூரில் எல்லோருக்கும் தெரியும். இவற்றை ஒட்டுமொத்தமாகப் பிழை என்று தள்ளுவது சரியல்ல. இந்திய ஆங்கிலம் தனக்கென்று மரபுத்தொடர்களை வளர்த்துக்கொண்ட மொழிவகை. 'பிரிபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள்ளேயே இடம்பிடித்துவிட்டது. ஆனால் ஒரு கற்பவர், தான் பேசுவது இந்திய வழக்கா, தன் சொந்தப் பிழையா என்று பிரித்தறியவேண்டுமே. ஒரே தாய்மொழிக்காரர்களின் உரையாடல் அந்தப் பிரிவினையைச் செய்து தராது. இருவருக்கும் பொதுவான பழக்கம் எந்த இடத்திலும் முட்டாது.

இதை முன்பே கண்டுகொண்டவர் என். எஸ். பிரபு. 1979இலிருந்து 1984வரை பெங்களூரிலும் தமிழ்நாட்டிலுமாகச் சில பள்ளிகளில் அவர் நடத்திய சோதனை, பெங்களூர்த் திட்டம் என்று உலக மொழிக்கல்வி நூல்களில் நிலைத்த இடம் பெற்றது. இலக்கணப் பாடத்தை முற்றாக எடுத்துவிட்டு வேலைகளைக் கொடுத்தார்: ரயில் கால அட்டவணையைப் பார்த்து இத்தனை மணிக்குள் போய்ச்சேர எந்த வண்டி என்று கண்டுபிடி, வரைபடத்தில் வழி சொல், தரப்பட்ட செய்தியிலிருந்து முடிவைக் காரணத்தோடு சொல். முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் கேள்வி பதிலாக ஒரு வேலையைச் செய்துகாட்டுவார். பிறகு அதே போன்ற இன்னொன்றை மாணவர் தனித்தனியே செய்வார்கள். மனம் பொருளில் மூழ்கியிருக்கும்போது இலக்கணம் உள்ளே படியும் என்பது நம்பிக்கை.

அவ்வளவு தூரம் பொருளை நம்பிய பிரபு, மாணவர்களைக் குழுவாக உட்கார்த்தித் தங்களுக்குள் பேசவைக்க மட்டும் ஒப்பவில்லை. அரைகுறை ஆங்கிலம் தெரிந்தவர்கள் தங்களுக்குள் பேசினால் ஒருவர் பிழையை மற்றவர் உறுதிப்படுத்துவார். எல்லோருக்கும் புரிகிற ஒரு கலவை மொழி கெட்டிப்பட்டுவிடும் என்று அஞ்சினார். குழுப் பேச்சையே கொண்டாடிய அன்றைய மேலைநாட்டு வழக்கத்துக்கு இது எதிர்நீச்சல். திட்டத்தை மதிப்பிட்ட ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் 1985இல் அதற்கு ஓரளவு சாதகமான, ஆனால் எச்சரிக்கை கலந்த தீர்ப்பையே தந்தார்கள். திட்டத்தின் வெற்றி தோல்வி எப்படியிருப்பினும், குழுப் பேச்சைப் பற்றிய பிரபுவின் ஐயம் இன்றைய 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' வகுப்புகள் பதில் சொல்லவேண்டிய கேள்வியாகவே இருக்கிறது. மாணவர்களை ஜோடி ஜோடியாக உட்கார்த்திப் 'பேசுங்கள்' என்று விட்டால் கூச்சம் போகும். அது சின்ன லாபமல்ல. ஆனால் பிழையும் கூச்சம் தெளிந்துவிடும்.

கைப்பேசியில் பேசும் இயந்திரத் துணைகளுக்கும் இதே சோதனையை வைக்கலாம். அவை அலுக்காமல் பேசுகின்றன, எத்தனை கோணலாகச் சொன்னாலும் புரிந்துகொள்கின்றன. கூச்சக்காரருக்கு வரப்பிரசாதம். ஆனால் எல்லாம் புரிந்துகொள்ளும் எதிராளியோடு பேசினால் முட்டும் தருணங்களே குறைந்துபோகும். நிறுத்து, இந்த ஒரு வகைப் பிழையை மட்டும் சொல், நானே திருத்தும்வரை விடையைச் சொல்லாதே என்று கேட்டு வாங்கினால்தான் அது கற்றல் துணை.

பேச்சை எப்படி நிறுத்துவது

ஷ்மிட், வெஸ்ஸைக் கவனித்ததோடு விடவில்லை. தன்னையே சோதனைக்கு உட்படுத்தினார். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் ஐந்து மாதம் தங்கிப் போர்த்துக்கீசியம் கற்றார். கொஞ்ச நாள் வகுப்பு, மற்ற நேரமெல்லாம் ஊராரோடு பேச்சு. நாள்தோறும் குறிப்பேடு எழுதினார். மாதந்தோறும் இணை ஆய்வாளர் சில்வியா ஃப்ரோட்டாவோடு பேசிய உரையாடல் பதிவாயிற்று. பிறகு இரண்டையும் ஒப்பிட்டார்கள். வகுப்பில் சொல்லித்தரப்பட்டது என்பதாலோ, காதில் அடிக்கடி விழுந்தது என்பதாலோ மட்டும் ஒரு வடிவம் அவர் பேச்சில் ஏறிவிடவில்லை. 'ஓ, இவர்கள் இப்படியா சொல்கிறார்கள்' என்று அவர் குறிப்பேட்டில் எழுதிய வடிவங்கள்தான் பெரும்பாலும் ஏறின. 1990இல் அவர் வகுத்த கவனிப்புக் கொள்கைக்கு இந்த அனுபவமே விதை.

இதிலிருந்து கற்பவரும் கற்பிப்பவரும் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில. ஒரு உரையாடலுக்கு ஒரு இலக்கணக் கூறு என்று வைத்துக்கொள்வது முதலாவது. இந்த வாரம் கடந்த காலம் என்றால் மற்றப் பிழைகளை விட்டுவிடலாம். ஆசிரியர் திருத்திச் சொல்வதைவிட நிறுத்திக் காத்திருப்பது நல்லது. காலத்தைச் சூழல் காட்டிக்கொடுக்காத வேலைகளைத் தரலாம்: 'நேற்று' என்ற சொல்லைப் பயன்படுத்தாமல், முடிந்த வேலைகளையும் முடியாத வேலைகளையும் கலந்து ஒரு பட்டியலைத் தொலைபேசியில் சொல்லச் செய்தால், விகுதி இல்லாமல் எதிராளி குழம்புவார், அந்தக் குழப்பம்தான் ஆசிரியர். கேட்ட தொடரை அப்படியே முழுசாக எழுதிவைக்கலாம், சொல்சொல்லாகப் பிரிக்காமல்.

சரளத்துக்கு நேஷன் பரிந்துரைக்கும் ஒரு பயிற்சி செலவில்லாதது: ஒரே விஷயத்தை மூன்று வெவ்வேறு ஆட்களிடம் சொல்லவேண்டும், முதலாமவரிடம் நான்கு நிமிடம், அடுத்தவரிடம் மூன்று, கடைசியாக இரண்டு. என்ன சொல்வது என்ற பாரம் முதல் சுற்றிலேயே குறைந்துவிடுவதால், அடுத்த சுற்றுகளில் எப்படிச் சொல்வது என்பதற்குக் கவனம் மிச்சப்படுகிறது. தட்டித் தடவிய இடங்கள் குறைகின்றன.

இவை எதுவும் பேச்சைக் குறைத்து மதிப்பிடுவதற்கல்ல. பேசாமல் ஆங்கிலம் கற்றவர்கள் நம் ஊரில் ஏராளம். பட்டம் வாங்கி, பத்தி பத்தியாக எழுதி, நேர்முகத் தேர்வில் நாக்கு ஒட்டிக்கொண்டவர்கள். அவர்களுக்கு உரையாடல் மருந்துதான். ஆனால் எந்த நோய்க்கு என்று தெரிந்து தரவேண்டிய மருந்து. வெஸ்ஸுக்கு இன்னும் மூன்று ஆண்டு பேச்சு கொடுத்திருந்தாலும் அந்த 'எட்' தானாக வந்திருக்கும் என்று நம்ப ஆதாரமில்லை. அவருக்குத் தேவைப்பட்டது, நண்பர்களில் யாராவது ஒருவர் அவ்வப்போது புரியாததுபோல் நிற்பது. பணம் கட்டிப் பேச்சு ஆங்கில வகுப்பில் சேருபவர் தினமும் எத்தனை மணி நேரம் பேசவைப்பீர்கள் என்று கேட்பதோடு, பேசும்போது எங்கே, எப்படி நிறுத்துவீர்கள் என்றும் கேட்பது நல்லது. இரண்டாவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் வகுப்புதான் மூன்று சரக்கையும் தரக்கூடியது.